புளியங்கட்டை முன்னால் செருப்பைக் கழற்றியவர்

எனக்குச் சந்தேகப் புத்தி. இதை நான் சொல்லவில்லை, என் வீட்டுக்காரி சொல்கிறாள். தர்பூசணி வாங்கினாலும் தட்டிப் பார்ப்பேன், தேங்காய் வாங்கினாலும் தட்டிப் பார்ப்பேன். மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் அவர்கள் வீட்டு நிலைக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வேங்கைன்னு சொன்னாங்க, இது வேம்பால்ல இருக்கு" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லித் தொலைத்தேன். அந்தச் சம்பந்தம் அதோடு போச்சு. போனதும் நல்லதுதான். கதவில் பொய் சொல்கிறவன் வேறு எதில் சொல்ல மாட்டான்?

பெரம்பலூரில் அரியலூர் ரோட்டு மரவாடியில் ரம்பத்துக்கு முன்னால் நின்றே என் ஆயுசில் பாதிக்கு மேல் போய்விட்டது. இப்போது ஆண்டிமடத்தில் முந்திரித் தோப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆயுத பூசைக்கு மில்லுக்கு வந்தபோது புதிதாகச் சேர்ந்திருந்த தம்பிகள் நீங்கள் சுற்றி நின்றுகொண்டு, "அண்ணே, எந்த மரத்துல இரும்பு இருக்குன்னு எப்படிண்ணே கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டீர்கள். அப்போது வாயில் சுண்டல் இருந்தது. சரியாகச் சொல்லவில்லை. இப்போது இந்தக் கடுதாசியில் சொல்கிறேன்.

மரத்தைப் பார்த்துப் பாதிதான் தெரியும். மீதிப் பாதி, அந்த மரத்தைக் கொண்டு வந்த ஆளைப் பார்த்தால்தான் தெரியும்.

நான் சேர்ந்த காலத்தில் புளியமரத்துக்கு மரவாடியில் மரியாதையே கிடையாது. கறிக்கடைக்கு வெட்டுக்கட்டை, செக்குக்கு உலக்கை, மிச்சமெல்லாம் விறகு. வீட்டு வேலைக்கு யாரும் சேர்க்க மாட்டார்கள். இப்போது என்னடாவென்றால் முண்டும் முடிச்சுமாகக் கோணிக் கிடக்கிற கிழட்டுப் புளியைத் தேடிக்கொண்டு கார் போட்டு வருகிறார்கள். அதைக் கனமான பலகையாக அறுத்து, ஓரத்தைச் சீவாமல் மரத்தின் வளைவோடு அப்படியே மேசையாக்குகிறார்களாம். முண்டு இருக்கிற இடத்தில் ரேகை சுழித்துக்கொண்டு ஓடும். அடுப்பில் பால் பொங்கி வரும்போது மேலே ஆடை சுருங்கும் பாருங்கள், அந்த மாதிரி. நடுவில் வைரம் கருஞ்சிவப்பாக இருக்கும். முதல் வெட்டில் அது திறக்கும்போது, எத்தனை தடவை பார்த்திருந்தாலும் கை ஒரு நொடி நிற்கும். அதெல்லாம் உண்மைதான். நான் ஒன்றும் கல் நெஞ்சுக்காரன் இல்லை.

ஆனால் அந்த அழகு எங்கே இருக்கிறது? தூரில். வேருக்கு மேலே, ஒரு ஆள் கை தூக்கினால் எட்டுகிற உயரம் வரைக்கும். மனுஷன் ஆணி அடிக்கிறதும், கொக்கி மாட்டுகிறதும், மாட்டைக் கட்ட வளையம் பதிக்கிறதும் அதே உயரத்தில்தான். மரம் வளர்ந்தால் ஆணியும் மேலே போய்விடும் என்று சில பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போகாது. மரம் உச்சியில்தான் வளரும். ஆணி அடித்த உயரத்திலேயே நிற்கும். பட்டை மட்டும் வந்து அதை விழுங்கிவிடும். வெளியே ஒரு தழும்புகூட இருக்காது.

சேகரைச் சொல்ல வேண்டும். ரம்பத்துக்கு முன்னால் நின்று கட்டை ஏற்றிய வண்டியைத் தள்ளுகிறவன் நான் என்றால், பின்னால் நின்று அறுபட்டு வரும் பலகையைப் பிடிக்கிறவன் சேகர். இரும்பில் பட்டு பிளேடு அறுந்தால் அது முன்னால் நிற்கிறவனைத் தேடி வராது. பின்னால்தான் போகும். சேகருக்கு அது தெரியும். ஒரு முறை நான் ஊரில் இல்லாதபோது வேறு ஆள் வண்டி தள்ளி, வேப்பங்கட்டைக்குள் இருந்த மாட்டு வளையத்தில் போய்ப் பட்டது. பிளேடு துண்டு சேகர் தொடையில் இறங்கியது. திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தான். அதற்குப் பிறகு அவன் நடையில் ஒரு சாய்வு. அந்த வேம்பை விற்ற மாட்டுக்காரர் அன்றைக்கு என்ன சொன்னார் தெரியுமா? "வளையம் இருந்தது மறந்தே போச்சுங்க." மறந்து போச்சாம்! வயிறு எரியுமா எரியாதா?

அதிலிருந்துதான் என் சந்தேகம் முற்றிப் போனது.

செட்டிகுளம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரிலிருந்து பெரியசாமி என்று ஒருத்தர் கட்டை ஏற்றிக்கொண்டு வந்தார். வெங்காயம் போடுகிற குடும்பம். பெருங்காற்றில் அவருடைய கொல்லைப் புளி வேரோடு சாய்ந்து, வெங்காயப் பட்டறையை நசுக்கிவிட்டது. ஒரு வருஷத்துச் சரக்கு அதற்குள் இருந்ததாம். மரத்தை விற்றுத்தான் மறுபடி பட்டறை போட வேண்டும். வாங்குகிறவர் புதுச்சேரிக்காரர், மேசை வியாபாரம் செய்கிறவர். நம் மில்லில் அறுத்து அங்கேயே கைமாற்றிக்கொள்வது என்று பேச்சு.

மேல்கட்டை இரண்டையும் அறுத்து முடித்தோம். நல்ல மரம். புதுச்சேரிக்காரர் பலகையைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனார். தூர்க்கட்டை மட்டும் மிச்சம். அதற்காகத்தான் அவர் அவ்வளவு தூரம் வந்ததே.

டீ வந்தது. மரவாடியில் டீ குடிக்க யார் நாற்காலி தேடுவார்கள்? கிடக்கிற கட்டையில் உட்கார வேண்டியதுதான். முதலாளியே அப்படித்தான் உட்காருவார். புதுச்சேரிக்காரர் அந்தத் தூர்க்கட்டை மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு காலை ஆட்டினார். பெரியசாமி மட்டும் நின்றுகொண்டே குடித்தார். சரி, வேட்டி அழுக்காகும் என்று நினைத்திருக்கலாம். ஆனால் காலைப் பார்த்தேன். செருப்பு இல்லை. செருப்பு நாலடி தள்ளி ஒழுங்காக ஜோடி சேர்த்து விட்டிருந்தது. மரவாடியில் சிம்பும் சிராயும் குத்துகிற தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மேல்கட்டை அறுத்தபோது அவர் காலில் செருப்பு இருந்ததும் எனக்கு ஞாபகம் வந்தது.

எனக்கு உள்ளுக்குள் மணி அடித்தது.

"கோயில் மரமா இது?" என்று கேட்டேன்.

"ஐயையோ, இல்லைங்க மிஸ்திரி. எங்க கொல்லை மரம். ஊர்ல யாரை வேணா கேளுங்க."

"அப்ப செருப்பு ஏன் அங்க கெடக்கு?"

அவர் காலைக் குனிந்து பார்த்தார். தனக்கே தெரியாமல் கழற்றியிருக்கிறார் போல. "கல்லு குத்துச்சு" என்றார். கல் குத்தினால் செருப்பைப் போட்டுக்கொள்வார்கள், கழற்றுவார்களா?

கட்டையின் முகப்பைப் போய்ப் பார்த்தேன். புளியின் வைரத்தில் கறுப்பு இருப்பது சகஜம். பூஞ்சை ஓடினால் மை பேனாவால் கிறுக்கின மாதிரி மெல்லிய கோடு வரும். அது மரத்தின் சொந்தக் கறுப்பு. இதில் ஒரு ஓரமாக வேறொரு கறுப்பு இருந்தது. கொஞ்சம் நீலம் கலந்து, கசிந்து, விளிம்பு மங்கி. புளியின் துவர்ப்பும் இரும்பின் துருவும் சேர்ந்தால்தான் அந்த நிறம் வரும். நாரோட்டத்தைப் பிடித்துக்கொண்டு அது ஏறும், இறங்கும். ஆணி எங்கேயோ நடுவில் இருக்கும், நீலம் மட்டும் முகப்பு வரைக்கும் வந்து நம்மைக் கூப்பிடும்.

"இரும்பு இருக்கு" என்றேன்.

"சத்தியமா இல்லைங்க" என்றார் பெரியசாமி. நான் சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

முதலாளி ஆபீஸ் ரூமிலிருந்து, இரும்பைக் கண்டால் கத்துகிற கருவியைக் கொண்டு வந்தார். சினிமா தியேட்டர் வாசலில் உடம்பில் தடவிப் பார்ப்பார்களே, அதே மாதிரி. புதிதாக வாங்கியிருந்ததால் அதன் மேல் அவருக்கு ஒரு பெருமை. கட்டையைச் சுற்றித் தடவினார். சத்தமே இல்லை. உருட்டிப் போட்டு மறுபக்கமும் தடவினார். ஒன்றும் இல்லை.

"பாத்தீங்களா மிஸ்திரி? மெஷினே இல்லைங்குது."

"மெஷினுக்குத் தோல் வரைக்கும்தாங்க தெரியும். இது உள்ள போயிருக்கு."

"சார், அந்தக் கறுப்பு நேச்சுரல்" என்றார் புதுச்சேரிக்காரர். "அதுக்குத்தான் நான் காசு குடுக்குறேன். லாரி வாடகை ஏறிக்கிட்டே இருக்கு. அறுங்க."

முதலாளி என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். நல்ல மனுஷன்தான், ஆனால் அவருக்கும் வியாபாரம் இருக்கிறதே. "ஏம்ப்பா, இவரு மாசா மாசம் வர்ற பார்ட்டி. உன் சந்தேகத்தால தொரத்திவிட்றாத. பிளேடு போனா போயிட்டுப் போவுது, நான் வாங்கிக்கிறேன்."

"பிளேடு வாங்கிக்கலாங்க" என்றேன். "சேகரை எந்தக் கடையில வாங்குறது?"



இந்த இடத்தைத்தான் தம்பிகளே நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். முதலாளி, வாங்குகிறவர், விற்கிறவர், மெஷின் என்று நாலு பக்கமும் அறு அறு என்கிறது. என் பக்கம் இருந்தது ஒரு நீலக் கறையும், ஒரு ஜோடிச் செருப்பும்தான். நான் சொன்னது தப்பாகிப் போனால் அடுத்த நாளிலிருந்து என் பேச்சுக்கு அந்த மில்லில் மதிப்பு இருக்காது. இருந்தாலும் ரம்பத்தின் சுவிட்சைப் போட மனசு வரவில்லை.

சேகரைக் கூப்பிட்டேன். "கைலியத் தூக்குடா" என்றேன்.

"என்னண்ணே இது, நடுப்பட்டப்பகல்ல" என்று முனகிக்கொண்டே தொடை வரைக்கும் தூக்கினான். அந்தத் தழும்பைப் பார்த்துப் புதுச்சேரிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெரியசாமியிடம் சொன்னேன்: "இவன் பேரு சேகர். நான் அறுக்கும்போது அந்தப் பக்கம் இவன்தான் நிப்பான். ரெண்டு பொண்ணுங்க இருக்கு. உள்ள இரும்பு இருந்தா இவனுக்குத்தான் அடி. என்கிட்ட சத்தியம் பண்ண வேணாம். இவன் கையைப் புடிச்சுக்கிட்டு, இரும்பு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே அறுக்குறேன்."

சேகர் கையை நீட்டினான். பெரியசாமி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பாதி தூரம் வரைக்கும் அவர் கை போனது. அப்புறம் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு அங்கேயே குந்திவிட்டார்.

"ஆணி இருக்குங்க. ஒண்ணே ஒண்ணு. அதை எடுத்துடாதீங்க மிஸ்திரி. உங்களுக்குப் புண்ணியமாப் போவும். எடுத்தா என் தங்கச்சி போயிடும்."

விஷயம் மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. அவருடைய தங்கை மல்லிகாவுக்குச் சின்ன வயசில் பேய் பிடித்ததாம். ஊர்ப் பூசாரியைக் கூப்பிட்டு, ஆட வைத்து, உச்சி முடியில் ஒரு கற்றையைப் புளியமரத்தோடு சேர்த்து ஆணி அடித்து, முடியை அறுத்திருக்கிறார்கள். பேய் முடியோடு மரத்தில் தங்கிவிட்டது, தங்கை தெளிந்துவிட்டது. ஆணியை யாராவது பிடுங்கினால் அது பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிடும் என்று பூசாரி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த வயசிலிருந்து பெரியசாமி அந்த மரத்துக்குக் காவல். காற்றில் மரம் விழுந்த அன்று வெங்காயம் போனதற்குக்கூட அவர் அழவில்லையாம், ஆணி கழன்றுவிட்டதா என்றுதான் ஓடிப் போய்ப் பார்த்தாராம். ஊரில் ஒருத்தரும் அந்த மரத்தை விறகுக்குக்கூட எடுக்கவில்லை. விவரம் தெரியாத வெளியூர்க்காரருக்குத்தான் விற்க முடியும். பலகைக்குள்ளேயே ஆணி இருந்தபடி புதுச்சேரிக்குப் போய்விட்டால் பேயும் அங்கே போய்விடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

புதுச்சேரிக்காரருக்கு இதைக் கேட்டுச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. மறுபடி ஏறி உட்கார்ந்திருந்த கட்டையிலிருந்து மட்டும் மெதுவாக இறங்கிக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தங்கை உயிருக்காகச் சேகர் உயிரைப் பணயம் வைத்திருக்கிறாரே என்று. ஆனால் அந்த மனுஷன் குந்தியிருந்த இருப்பைப் பார்த்தால் கத்தவும் முடியவில்லை. பொய்க்காரனை மிதிக்கலாம். பயந்தவனை என்ன செய்வது?

"தங்கச்சி இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டேன்.

"எங்க வூட்லதாங்க. கட்டிக் குடுத்த எடம் சரிப்படல. திரும்பி வந்துடுச்சு. இத்தனை வருஷமா நல்லாத்தான் இருக்கு."

"ஆணி எங்க இருக்குன்னு அவங்களைக் கேட்டீங்களா?"

"அதுகிட்ட எப்படிங்க கேக்குறது? ஞாபகப்படுத்தக் கூடாதுன்னு அந்த மரத்துப் பக்கமே நான் அதை விட்டதில்லை."

அவர் சொன்ன உயரத்தைக் கட்டையில் அளந்து, நீலம் தெரிந்த பக்கத்தில் உளி வைத்துக் கொஞ்சம் கொத்திப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. மேலே கொத்தினால் பலகை பாழாகும் என்று புதுச்சேரிக்காரர் குதித்தார். எனக்கு மறுபடி சந்தேகம் பிடித்துக்கொண்டது. ஒன்று இந்த ஆள் இப்போதும் பொய் சொல்கிறார், இல்லையென்றால் இவருக்கே இடம் தெரியாது.

"யார் தலையில அடிச்சதோ அவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன். "அதுவரைக்கும் ரம்பம் ஓடாது."

மறுநாள் காலையில் மொபெட்டில் அண்ணனும் தங்கையுமாக வந்து இறங்கினார்கள். நான் என்னவோ மெலிந்து, மிரண்டு போன ஒரு பெண்ணை எதிர்பார்த்தேன். வந்தது வேறு ஆள். வெங்காயத் தாள் அறுத்து அறுத்துக் காய்ப்பு ஏறிய கை, வெயிலில் கறுத்த முகம், நேராகப் பார்க்கிற கண். வந்ததும் கட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அண்ணன் பின்னாலேயே கையைப் பிசைந்துகொண்டு வந்தார்.

நான் கொத்திய இடத்தைக் காட்டி, "உங்க அண்ணன் இங்கதான்னு சொன்னாரும்மா" என்றேன்.

"அது நின்ன உசரங்க ஐயா. என்னை நிக்க வெச்சா அடிச்சாங்க? உக்கார வெச்சு, தலையைப் பின்னால இழுத்து மரத்தோட சாச்சுல்ல அடிச்சாங்க. கீழ பாருங்க." குனிந்து கட்டையின் அடிப்பக்கமாக ஒரு முண்டைத் தொட்டார். "இந்த முண்டு அப்பவே இருந்துச்சு. என் வலது காதுல குத்திக்கிட்டே இருந்துச்சு. இதுக்கு இந்தாண்டதான்."

நான் முண்டுக்கு அவர் காட்டின பக்கமாக உளியை வைத்தேன். வெளிமரம் போய், வைரத்தைத் தொடும் இடத்தில் மரம் நீலக் கறுப்பாக வந்தது. இன்னும் இரண்டு தட்டு. உளியின் முனை கிணுக்கென்றது.

சேகர் தன் தொடையைத் தடவிக்கொண்டான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

சுற்றிலும் கொத்தி, ஆணித் தலையை வெளியே கொண்டுவந்தேன். பழைய காலத்தில் கொல்லன் அடித்த ஆணி, தலை சதுரமாக. அதன் அடியில் தேங்காய் நார் மாதிரி ஏதோ கறுப்பாக ஒட்டியிருந்தது. அது என்ன என்று யாரும் கேட்கவில்லை. குறடைப் போட்டுப் பிடித்தேன். பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை என்று வெளியில் சொல்லிக்கொண்டு திரிகிறவன்தான். ஆனாலும் தம்பி, அந்த நேரத்தில் இழுக்கத் துணிச்சல் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் முதலாளி ஆபீஸ் ரூம் வாசலுக்குப் போய்விட்டார். புதுச்சேரிக்காரர் போன் பேசுகிற மாதிரி லாரிக்குப் பின்னால். சேகரைக் காணவே காணோம், ரம்பத்துக்கு மறுபுறம் தலை மட்டும் தெரிந்தது.

"குடுங்க ஐயா" என்று மல்லிகா குறடை வாங்கிக்கொண்டார்.

"வேணாம் மல்லிகா, சொன்னாக் கேளு" என்று பெரியசாமி அலறினார்.

அவர் கேட்கவில்லை. செருப்புக் காலைத் தூக்கிக் கட்டையின் மேல் ஊன்றினார். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற அதே கட்டை. இரண்டு கையாலும் குறடைப் பிடித்து, கட்டையை உதைத்துத் தள்ளுகிற மாதிரி உடம்போடு பின்னால் சாய்ந்து இழுத்தார். மரம் கிறீச்சென்றது. ஆணி வந்துவிட்டது.

எல்லார் கண்ணும் அவர் முகத்தில்தான். ஆடுவாரா, சிரிப்பாரா, கண் சொருகுமா என்று. அவர் ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முந்தானையால் துருவைத் துடைத்தார். அப்புறம் நிமிர்ந்து எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தார்.

"என்ன எல்லாரும் இப்படிப் பாக்குறீங்க? பேய் வரும்னா? அப்பவே வரலைங்க. எனக்குப் பாத்த மாப்பிள்ளை வேணாம்னு சொன்னேன். சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு சாப்பிடாமக் கெடந்தேன். பேய் புடிச்சிருச்சுன்னாங்க. நான் ஆணிக்கு அடங்கலைங்க ஐயா. சாட்டைக்கு அடங்குனேன்."

பெரியசாமி, "நீ... நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொன்னேனே. சொல்லச் சொல்லத்தானே அடிச்சாங்க." பிறகு என்னிடம் திரும்பி, "என் கையை அன்னிக்குப் புடிச்சுக்கிட்டிருந்தது இந்த அண்ணன்தாங்க. அதுக்கு அப்ப மீசைகூட சரியா மொளைக்கல. அழுதுக்கிட்டேதான் புடிச்சிருந்துச்சு" என்றார். திட்டுகிற மாதிரியும் இல்லை, மன்னிக்கிற மாதிரியும் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

அந்த மனுஷன் அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை.

முதலாளி திரும்பி வந்து, பள்ளத்துக்குள் அந்தக் கருவியை விட்டுப் பார்த்தார். இப்போது அது கத்தியது. ஆணியைத்தான் எடுத்தாகிவிட்டதே, ஏன் கத்துகிறது? இரண்டு விரல் தள்ளிக் கொத்தினேன், இன்னொரு ஆணி. அதற்கு மேலே இன்னொன்று. மறுபுறம் ஒன்று.

"ஒண்ணுன்னு சொன்னீங்களே?" என்று பெரியசாமியை முறைத்தேன்.

"எங்க வூட்டுது ஒண்ணுதாங்க. மத்தது எனக்கு நெசமாவே தெரியாது." இந்தத் தடவை கேட்காமலேயே சேகர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"எனக்குத் தெரியும். எனக்கு முந்தியே அடிச்சது, அவங்களே எங்கிட்ட எடம் சொல்லியிருக்காங்க" என்றார் மல்லிகா. ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். "இது கீழத்தெருவுல சின்னப்பொண்ணுன்னு ஒருத்தி. பிள்ளை பொறந்து செத்துப் போச்சு, தூங்காம உக்காந்திருந்தா. இது எங்க சின்னம்மா. புருஷன் அடிக்கும்போது திருப்பி அடிச்சாங்க. இது யாருன்னா, இப்ப துறையூர்ல டெய்லர் கடை வெச்சிருக்கால்ல வசந்தா, அவ. படிக்கணும்னு சொன்னா."

எல்லாவற்றையும் அவரே பிடுங்கினார். ஒவ்வொன்றுக்கும் காலை ஊன்றினார். கடைசி ஆணி வந்ததும் நான்கையும் முந்தானையில் முடிந்துகொண்டார்.

"அதை வெச்சு என்னம்மா பண்ணப் போறீங்க?" என்று சேகர் கேட்டான். ரம்பத்துக்குப் பின்னாலிருந்து இப்போதுதான் வெளியே வந்திருந்தான்.

"அவங்கவங்க கைல குடுத்துடுவேன். சின்னம்மாதான் இல்லை. அவங்க பொண்ணு இருக்குது."

அப்புறம்தான் நான் சுவிட்சைப் போட்டேன். வண்டியைத் தள்ளினேன். இரும்பு இல்லாத கட்டையில் பிளேடு பாடுகிற சத்தம் உங்களுக்கே தெரியும். சேகர் அந்தப் பக்கம் நின்று முதல் பலகையை வாங்கினான். சுழி சுழியாக ரேகை, கருஞ்சிவப்பு வைரம், அதற்குள் நாலு இடத்திலிருந்து நீலக் கறுப்பு மேலும் கீழுமாக ஓடியிருந்தது. புதுச்சேரிக்காரர் தண்ணீர் தொட்டுத் துடைத்துவிட்டு, "பிரமாதம் சார்! இந்தக் கறுப்பு இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றார்.

"ஓடின வரைக்கும் போதும் சார்" என்றேன்.

அந்த மேசை இப்போது எந்த ஊரில், யார் வீட்டில் இருக்கிறதோ. அதன் மேல் இட்லி வைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த ரேகை என்னவென்று தெரியாது. உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் சொன்னேன். நீலக் கறுப்பைக் கண்டால் ரம்பத்தை நிறுத்துங்கள். மெஷின் இல்லை என்றாலும் நிறுத்துங்கள், முதலாளி முறைத்தாலும் நிறுத்துங்கள். கொண்டு வந்தவரின் காலைப் பாருங்கள், முகத்தைப் பாருங்கள், சந்தேகப்படுங்கள். அதோடு விட்டுவிடாமல், அந்த ஆணி யாருக்காக அடித்ததோ அவர்களைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். இடம் அவர்களுக்குத்தான் தெரியும்.

கிளம்பும்போது பெரியசாமி மொபெட்டை உதைத்தார். மல்லிகா பின்னால் ஏறி உட்கார்ந்தார். முந்தானை முடிச்சு மடியில் கிணுகிணுத்தது. வண்டி கேட்டைத் தாண்டிற்று. அரியலூர்ப் பக்கமிருந்து சிமெண்ட் லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. இந்த மனுஷனோ ரோட்டைப் பார்க்காமல், பக்கக் கண்ணாடியைத் தங்கை முகம் தெரிகிற மாதிரி திருப்பி வைத்துக்கொண்டு அதையே உற்று உற்றுப் பார்த்துக்கொண்டு போகிறார். நான் கேட்டுக்கு வெளியே ஓடி வந்து கத்தப் போனேன். அதற்குள் மல்லிகா அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவது தெரிந்தது.

"அண்ணே, எனக்கு ஒண்ணும் ஆவல. நீ ரோட்டைப் பாருண்ணே."